தகட்டு வேலையில் வெட்டும் வளைவும்: பிரஸ் ஷாப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஷெல்ஃப் பலகையைத் தாங்கும் சாதாரண எல் கிளாம்ப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்காததாக இருந்தால் நல்லது. அதன் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு விளிம்பு லேசாக உருண்டிருக்கும், அதற்கு அடுத்து ஒரு மினுக்குப் பட்டை, அதற்கும் அடுத்து மங்கலான சொரசொரப்பு. இப்போது நடுவில் உள்ள மடிப்பைப் பாருங்கள். அங்கே எதுவும் உடையவில்லை. வெளிப்பக்கம் நீண்டிருக்கிறது, உள்பக்கம் அமுங்கியிருக்கிறது.

ஓரம் வெட்டு வேலை, மடிப்பு வடிவ வேலை. பட்டறையில் கட்டிங், ஃபார்மிங் என்று சொல்வார்கள். அம்பத்தூரோ கோவையோ ஓசூரோ, எந்த பிரஸ் ஷாப்பில் சேர்ந்தாலும் நாள் முழுக்க உங்கள் கையில் வந்துபோகும் பீஸ்களில் இந்த இரண்டும் கலந்துதான் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி பிரஸ்ஸில், ஒரே மாதிரி பஞ்ச்சும் (மேலிருந்து அழுத்தும் அச்சு) டையும் (கீழே ஏந்தி நிற்கும் அச்சு) போட்டுச் செய்வதால் புதியவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை போலத் தோன்றும். உண்மையில் இரண்டின் நோக்கமும் எதிரெதிர். வெட்டும்போது உலோகம் உடைய வேண்டும். வளைக்கும்போது உடையவே கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைவில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வளைக்கும் மெஷினில் பிறப்பதில்லை, அதற்கு முன் வெட்டும் இடத்திலேயே பிறந்துவிடுகின்றன. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

தகட்டுக்குள் என்ன நடக்கிறது

ஸ்டீல் ஸ்கேலை லேசாக வளைத்து விட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஜெம் கிளிப்பை விரித்தால் விரித்தபடியே நிற்கும். அதே கிளிப்பை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பலமுறை மடக்கினால் முறிந்துபோகும். உலோகத்தின் மூன்று நிலைகளும் இதற்குள் இருக்கின்றன.

குறைந்த விசையில் உலோகம் நெகிழ்ந்து, விசை போனதும் மீளும். இளகு எல்லையைத் தாண்டினால் வடிவம் நிரந்தரமாக மாறும். உடைவு எல்லையைத் தாண்டினால் பிரியும். ஃபார்மிங் வேலை எல்லாமே இளகு எல்லைக்கும் உடைவு எல்லைக்கும் நடுவே உள்ள இடத்தில் நடப்பது. கட்டிங் இரண்டாவது எல்லையையும் தாண்டிப் போவது.

எடைத் தராசு கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். 2 மி.மீ. இரும்புத் தகட்டில் 96.2 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம் உள்ள பட்டை ஏறக்குறைய 60 கிராம் இருக்கும். அதில் 10 மி.மீ. துளை இரண்டு போட்டால் இரண்டரை கிராம் குறையும். அதை எல் வடிவில் மடக்கினால் எடை துளிகூட மாறாது. வெட்டு வேலை உலோகத்தை எடுத்துவிடுகிறது, வடிவ வேலை இருக்கும் உலோகத்தை இடம் மாற்றுகிறது.

விசையிலும் பெரிய வித்தியாசம் உண்டு. இந்த 40 மி.மீ. அகலப் பட்டையைக் குறுக்கே ஒரே அடியில் வெட்ட, வெட்டு நீளம், தடிமன், வெட்டு வலிமை மூன்றையும் பெருக்க வேண்டும். மென் இரும்புக்கு வெட்டு வலிமையைச் சதுர மி.மீ.க்கு 300 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் 40 × 2 × 300, அதாவது 24,000 நியூட்டன், சுமார் இரண்டரை டன். அதே கோட்டில் 16 மி.மீ. வாய் உள்ள வி டையில் (வி வடிவப் பள்ளம் உள்ள டை) மடக்க ஏறக்குறைய அரை டன் போதும். ஷியரிங் மெஷினில் மேல் பிளேடைச் சற்றுச் சாய்த்து வைத்திருப்பது வெட்டு விசையைக் குறைக்கத்தான். கத்தரிக்கோல் போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெட்டிக்கொண்டே போகும், முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் வெட்டத் தேவையில்லை.

மெஷினைத் தொடும் முன்

பிரஸ் ஷாப்பில் விரலை இழந்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். அதனால் இதைக் கடைசியில் எழுத மனம் வரவில்லை.

பழைய மெக்கானிக்கல் பவர் பிரஸ்களில் பின் அல்லது கீ கிளட்ச் இருக்கும். பெடலை மிதித்துவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியாமல் அது நிற்காது. நடுவில் நிறுத்த வழியே இல்லை. ஒளித்திரை பொருத்தினாலும் அந்த வகை பிரஸ்ஸில் பயன் கிடையாது, ஏனென்றால் கை குறுக்கே வந்ததை அது கண்டுபிடித்தாலும் ராம், அதாவது பஞ்ச்சைச் சுமந்து இறங்கும் பாகம், இறங்கியே தீரும். அப்படிப்பட்ட மெஷினில் டையைச் சுற்றி விரல் நுழையாதபடி மூடி வைப்பதும், பீஸை வைக்க எடுக்க இடுக்கியோ காந்தக் குச்சியோ பயன்படுத்துவதும்தான் வழி. நடுவில் நிறுத்தக்கூடிய நியூமேட்டிக் கிளட்ச் பிரஸ் என்றால் இரு கை பட்டனும் ஒளித்திரையும் வேலை செய்யும். நீங்கள் நிற்கப்போகும் பிரஸ் எந்த வகை என்று முதல் நாளே டை பொருத்தும் செட்டரிடம் கேளுங்கள். ஒரு பட்டனில் ஏதாவது செருகி வைத்து ஒரு கையால் ஓட்டுவதைப் பார்த்தால் அந்த மெஷினில் நிற்காதீர்கள். ஆபத்தான இயந்திர பாகங்களுக்கு மறைப்பு வைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை; 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21வது பிரிவு இதைச் சொன்னது. கேட்பது உங்கள் உரிமை.

டை மாற்றும்போது மெயின் சுவிட்ச் ஆஃப், ராமுக்குக் கீழே முட்டுக்கட்டை. வெட்டிய தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், தகடு தூக்கும்போது வெட்டு தாங்கும் கையுறை போடுங்கள். ஆனால் டிரில்லிங் மெஷினுக்குப் போகும்போது அதைக் கழற்றிவிடுங்கள், சுழலும் டிரில் கையுறையோடு கையையும் இழுத்துக்கொள்ளும்.

சரி, இப்போது அந்த எல் கிளாம்ப்பையே நாம் செய்வோம். வெளி அளவு இரு கையும் 50 மி.மீ., அகலம் 40, தடிமன் 2, ஒவ்வொரு கையிலும் ஒரு 10 மி.மீ. துளை.

படி 1: டிராயிங்கில் வெட்டையும் வளைவையும் பிரித்துக் குறிக்க வேண்டும்

ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு வரும் கோடெல்லாம் சிவப்பு, மடிப்பு வரும் கோடெல்லாம் நீலம். எல் கிளாம்ப்பில் இது எளிது. சுவிட்ச் பாக்ஸ் மாதிரி ஒரு பீஸில் செய்து பார்த்தால்தான் இந்தப் பழக்கத்தின் அருமை தெரியும். வெளி உருவம் சிவப்பு, ஸ்க்ரூ துளை சிவப்பு, நான்கு சுவரும் நீலம், பைப் நுழைய உடைத்து எடுக்கும் வட்டம் பாதி வெட்டி விட்டது, அதனால் அதுவும் சிவப்பு. சில இடங்களில் இரண்டு நிறமும் ஒன்றாக வரும். காய் துருவியின் பல்லைப் பாருங்கள், ஒரே அடியில் கீறி மேலே தூக்கியிருக்கும். மின் பெட்டிகளில் காற்றுக்காக விடும் செதில் திறப்புகளும் அப்படியே. ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் வளைவு, கழிவாக எதுவும் விழாது.

படி 2: தகடு என்ன, எந்தத் திசை

தடிமனை மைக்ரோமீட்டரில் நீங்களே அளந்துகொள்ளுங்கள். லேபிளை நம்பி ஆரம்பிக்க வேண்டாம். 18 கேஜ் என்று ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, மில்லிமீட்டரில் பேசுவதே நல்லது. குளிர் உருட்டுத் தகடு என்றால், அதாவது சிஆர்சிஏ, அதில் ஓ, டி, டிடி, ஈடிடி என்று தரம் பிரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டி என்பது இழுத்து வடிவமாக்கத் தகுந்தது, டிடி இன்னும் ஆழமாக இழுக்க, ஈடிடி அதற்கும் மேல். வெட்ட மட்டும் போகும் பீஸுக்கு இந்தத் தரம் பெரிய விஷயமில்லை. வளைக்கவும் இழுக்கவும் போகும் பீஸுக்கு இதுதான் விஷயமே.

அப்புறம் திசை. ரோலரில் உருட்டும்போது உலோகத்தின் மணிகள் உருட்டிய பக்கமாக நீண்டுவிடுகின்றன. மரத்துக்கு நார் ஓட்டம் இருப்பதுபோலத் தகட்டுக்கும் உண்டு. வழக்கமான 1250 × 2500 தகட்டில் அது நீளவாக்கில் ஓடும். மேற்பரப்பை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். மடிப்புக் கோடு இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே விழ வேண்டும். ஓட்டத்தோடு இணையாக மடக்கினால் வெளிப்பக்கம் பிளக்க வாய்ப்பு அதிகம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் 3 மி.மீ. சூடு உருட்டுத் தகட்டில் பிராக்கெட் வெட்டினேன். பிளாங்க்கை, அதாவது மடக்குவதற்கு முன் உள்ள தட்டைத் துண்டை, திருப்பிப் போட்டால் ஒரு தகட்டில் நாலு பீஸ் கூடுதலாகக் கிடைத்தது, அதனால் அப்படியே வெட்டி முடித்தேன். மறுநாள் பெண்டிங்கில், அதாவது மடக்கும் இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பக்கம் கோடு கோடாகப் பிளந்தது. பெண்டிங் மெஷின் ஆபரேட்டர் டையை மாற்றினார், ரேடியஸைப் பெரிதாக்கினார், பாதி பீஸ்தான் பிழைத்தது. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. தவறு முந்தின நாள் வெட்டில் நடந்துவிட்டது. அதிலிருந்து வெட்டும் முன்பே தகட்டில் மார்க்கரால் ஓட்டத் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டுவிடுவேன், இன்றுவரை.

படி 3: மடக்குவதற்கு முன் உள்ள நீளத்தைக் கணக்கிடுவது

50-ம் 50-ம் சேர்த்து 100 என்று வெட்டிவிடாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை தடுக்குவார்கள்.

மடிப்பில் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் குறுகுகிறது என்று சொன்னேன். நடுவில் எங்கோ நீளவும் செய்யாத குறுகவும் செய்யாத ஒரு அடுக்கு இருக்கும். அது தடிமனின் சரி பாதியில் இருக்காது, உள்பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருக்கும். அதன் இடத்தைச் சொல்லும் எண்ணைத்தான் கே ஃபாக்டர் என்கிறார்கள். மென் இரும்புக்கு 0.33 முதல் 0.45 வரை வரும், நாம் 0.4 என்று வைத்துக்கொள்வோம்.

16 மி.மீ. வி டையில் மடக்கினால் உள் ரேடியஸ் டை வாயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, சுமார் 2.5 மி.மீ. வரும். ஒவ்வொரு கையிலும் ரேடியஸையும் தடிமனையும் கழித்தால் நேரான பகுதி 50 − 4.5 = 45.5. இரண்டு கைக்கும் 91. வளைவுப் பகுதியின் நீளம் 90 டிகிரிக்கு 1.57 × (2.5 + 0.4 × 2) = 5.2. மொத்தம் 96.2 மி.மீ. நூறுக்கு வெட்டியிருந்தால் ஒவ்வொரு கையும் கிட்டத்தட்ட 2 மி.மீ. நீண்டு நிற்கும்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒரு பீஸ் வெட்டி, மடக்கி, அளந்து பார்த்த பிறகே மற்றதை வெட்டுங்கள். கைகள் 50.2 வந்தால் பிளாங்க்கை 0.4 குறைக்க வேண்டும் என்று அந்த ஒரு பீஸ் சொல்லிவிடும். டையோ தகட்டின் ஹீட் நம்பரோ (ஒரே உருக்கில் வந்த எஃகுக்கு இடும் எண்) மாறினால் திரும்பவும் ஒரு பீஸ்.

படி 4: வெட்டுதல்

வெளி உருவத்தை ஷியரிங் மெஷினில் வெட்டலாம். துளைக்கு பஞ்ச்சும் டையும் வேண்டும். இங்கே இரண்டு பெயர்களைக் குழப்பாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே விழும் துண்டு நமக்கு வேண்டியது என்றால் அது பிளாங்கிங். விழும் துண்டு ஸ்கிராப், மிஞ்சும் துளைதான் வேண்டியது என்றால் அது பியர்சிங். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான், டூல் அளவு மட்டும் மாறும். பிளாங்கிங்கில் டையின் அளவே பீஸின் அளவு, பியர்சிங்கில் பஞ்ச்சின் அளவே துளையின் அளவு.

பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளியைக் கிளியரன்ஸ் என்பார்கள். மென் இரும்புக்குப் பக்கத்துக்குத் தடிமனில் 5 முதல் 10 சதவீதம். நம் 2 மி.மீ. தகட்டில் 10 மி.மீ. துளை வேண்டும் என்றால் பஞ்ச் 10.0, டை 10.2 முதல் 10.4 வரை. 10 மி.மீ. வட்டத் துண்டு வேண்டும் என்றால் டை 10.0, பஞ்ச் அதே அளவு குறைவு. துளையின் விட்டம் தகட்டின் தடிமனைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. மீறிப் போனால் பஞ்ச் ஒடியும்.

வெட்டிய ஓரம் டூலின் உடல்நிலையைச் சொல்லும். ஆரம்பத்தில் பார்த்த மினுக்குப் பட்டை பஞ்ச் உண்மையிலேயே அறுத்துச் சென்ற ஆழம். சொரசொரப்பு, மேலிருந்தும் கீழிருந்தும் விரிசல் ஓடிச் சந்தித்த இடம். மினுக்கு தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவில், பிசிறு (வெட்டு ஓரத்தில் நீட்டி நிற்கும் கூரிய விளிம்பு) கையில் மெல்லத் தட்டுப்படும் அளவில் இருந்தால் கிளியரன்ஸ் சரி. மினுக்குப் பட்டை இரண்டாகத் தெரிந்தால் இடைவெளி போதவில்லை, விரிசல்கள் சந்திக்காமல் போய் இரண்டாம் முறை அறுத்திருக்கிறது. விளிம்பு அதிகமாக உருண்டு பெரிய பிசிறு நின்றால் இடைவெளி அதிகம், அல்லது டூல் மழுங்கிவிட்டது. பிசிறு தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் டூலைக் கிரைண்டிங்குக்கு அனுப்பலாம் என்பது பல பட்டறைகளில் வழக்கம்.

லேசர் கட்டிங்கும் வெட்டுதான், ஆனால் விசையே இல்லை, உருக்கி ஊதிவிடுகிறது. அதனால் அங்கே மினுக்குப் பட்டையைத் தேடாதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆக்சிஜன் வைத்து வெட்டிய ஓரத்தில் ஆக்சைடு படிவு இருக்கும், அதை எடுக்காமல் பவுடர் கோட்டிங் செய்தால் ஓரத்தில் பெயின்ட் உரியும். நைட்ரஜனில் வெட்டியதற்கு அந்தத் தொல்லை இல்லை.

படி 5: பிசிறு எந்தப் பக்கம்

இது சின்ன வேலை, ஆனால் வெட்டையும் வளைவையும் இணைக்கும் இடமே இதுதான். துளையைச் சுற்றிப் பிசிறு தகட்டின் அடிப்பக்கம், டை இருந்த பக்கம் வரும். வெட்டி விழுந்த துண்டில் அது மேல்பக்கம், பஞ்ச் இருந்த பக்கம் வரும். ஒரே புரோகிரஸிவ் டையில் (வேலைகளை அடுத்தடுத்த நிலைகளில் செய்யும் டை) துளையும் போட்டு வெளி உருவமும் வெட்டினால் துளைப் பிசிறு ஒரு முகத்திலும் ஓரப் பிசிறு மறு முகத்திலும் நிற்பது இதனால்தான்.

மடக்கும்போது ஓரப் பிசிறு உள்பக்கம் போகும்படி வையுங்கள். வெளிப்பக்கம் இழுபடும் பக்கம். அங்கே பிசிறின் நுண் கீறல்கள் இருந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். உள்பக்கம் அமுங்குவதால் கீறல் திறக்காது. டிராயிங் வேறு வழி விடவில்லை என்றால் மடிப்புக் கோட்டின் இரு முனையையும் அரத்தால் தேய்த்துவிட்டு மடக்குங்கள்.

படி 6: மடக்குதல்

வி டையின் வாய் தடிமனைப் போல எட்டு மடங்கு. 2 மி.மீ.க்கு 16. மடக்கப்போகும் கையின் நீளம் வாயில் ஏறக்குறைய 0.7 பங்காவது இருக்க வேண்டும், இங்கே 11 மி.மீ. அதற்குக் குறைந்தால் ஓரம் டைக்குள் நழுவி விழும். 4 மி.மீ. தகட்டைப் போட்டு டையை மாற்ற மறந்துவிட்டால் விசை நான்கு மடங்காக ஏறும், ஏனென்றால் மடிப்பு விசை தடிமனின் வர்க்கத்தோடு கூடும். வெட்டு விசை அப்படியில்லை, தடிமன் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும், அவ்வளவே.

துளை மடிப்புக்கு மிக அருகில் இருந்தால் இழுபட்டு முட்டை வடிவமாகும். உள் ரேடியஸோடு தடிமனில் இரண்டரை மடங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள், நமக்கு 7.5 மி.மீ. மறு கையின் உள் சுவரிலிருந்து துளை ஓரம் அந்தத் தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். அருகில்தான் வேண்டும் என்று டிராயிங் சொன்னால் முதலில் மடக்கிவிட்டு அப்புறம் துளை போட வேண்டியதுதான். துளையின் இடத்தை மார்க் செய்யும்போது கையின் நுனியிலிருந்து அளந்தால் மடிப்பு அதை மாற்றாது. நம் கிளாம்ப்பில் நுனியிலிருந்து 20 மி.மீ. என்று வைத்தால் மடக்கிய பிறகும் 20-தான்.

தகட்டின் பின் ஓரம் முட்டி நிற்கும் பேக் கேஜை 48.1-க்கு (96.2-இல் பாதி) வைத்து மடக்குங்கள். பீஸை வெளியே எடுத்து கோண மட்டத்தில் வைத்தால் கோணம் 91, 92 என்று காட்டும். மெஷின் 90 வரை போனதே என்று குழம்ப வேண்டாம். ஸ்டீல் ஸ்கேல் திரும்பியது நினைவிருக்கிறதா, அந்த மீள்தன்மை நிரந்தர வளைவுக்குள்ளும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இதை ஸ்பிரிங் பேக் என்பார்கள். அதனால் 88, 89 வரை கூடுதலாக மடக்கி விட வேண்டும். துருப்பிடிக்காத ஸ்டீல் இதைவிட அதிகமாகத் திரும்பும். வெட்டில் இந்தப் பிரச்சினை எழுவதே இல்லை, உடைந்தது திரும்பாது.

வெட்டு பிறகு வரும் இடம்

எல் கிளாம்ப்பில் வெட்டு முதலில், வளைவு பிறகு. எப்போதும் இதே வரிசை என்று எண்ணிவிடக் கூடாது. எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 70 மி.மீ. விட்டம், 30 மி.மீ. உயரம் என்றால் வட்டத் தகட்டின் விட்டம், கிண்ண விட்டத்தின் வர்க்கத்தோடு கிண்ண விட்டம் × உயரம் × 4 கூட்டி வர்க்கமூலம் எடுத்தது, சுமார் 115 மி.மீ. அதை வெட்டி, விளிம்பை பிளாங்க் ஹோல்டரால் அமுக்கிப் பிடித்து, பஞ்ச்சால் டைக்குள் இழுக்க வேண்டும். பிடி தளர்ந்தால் சுவரில் சுருக்கம் விழும், இறுகினால் அடிப்பக்கம் கிழியும். இந்த இரண்டுக்கும் நடுவே பிடித்து நிறுத்துவதுதான் இந்த இழுப்பு வேலையின் செட்டரின் கைவண்ணம்.

இழுத்து முடித்ததும் வாயைப் பாருங்கள். சமமாக இருக்காது, காது போல மேடும் பள்ளமுமாக நிற்கும். தகட்டின் ஓட்டத் திசை ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அளவு நீள விட்டிருக்கிறது. அதனால் 115-க்குக் கொஞ்சம் கூட்டியே வெட்டி, இழுத்த பிறகு வாயைச் சுற்றி டிரிம் செய்வார்கள். கைப்பிடிக்கு ரிவெட் துளை வேண்டும் என்றால் அதுவும் அப்போதுதான். கடைசியில் வாயைச் சுருட்டி மடித்துவிடுவார்கள், கையைக் கிழிக்கும் வெட்டு ஓரம் அந்தச் சுருளுக்குள் போய் மறைந்துவிடும்.